தங்கத் தண்ணீரின் ஆவி

பிரசவ ஆஸ்பத்திரியில் அவளை முதலில் எல்லாரும் அடுப்பம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கத்தரி, இடுக்கி, தையல் ஊசி, துணி என்று டாக்டரம்மாவின் கைக்குப் போகிற ஒவ்வொன்றையும் கழுவி, மூட்டை கட்டி, பிரஷர் டிரம்மில் அடுக்கி, மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்றி ஆவியில் கிருமி போக வைப்பது அவள் வேலை. பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கரண்ட் வந்த நேரம் வரும், போன நேரம் போகும். அதை நம்பி மின்சாரப் பெட்டி வைக்க முடியாது. அடுப்புப் புகை அவள் தலைமுடியில், போர்வையில், சோற்றில்கூட இருந்தது. இருமல் வந்தால் குடல் வெளியே வந்து விழுகிற மாதிரி இருமுவாள். பிள்ளை பெற வந்தவர்கள் வலியை மறந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அவள் கதையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் கண்ணை மூடியபோது தங்கை இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. கட்டினவன் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன், போன இடத்தில் இன்னொரு குடும்பத்தையும் சேர்த்துத் தேடிக்கொண்டான். அவள் ஒரு நாள் முழுக்க அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ஓர் அறை கொடுத்தார்கள். தங்கையை அங்கேதான் வளர்த்தாள், படிக்க வைத்தாள், திட்டினாள், கொஞ்சினாள். தங்கை ஒரு லாரி டிரைவரைக் காட்டி இவரைத்தான் கட்டிக்குவேன் என்று நின்றபோது கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் அந்த டிரைவரை முறைத்துக்கொண்டு இருக்க முடியாது. வாயைத் திறந்தால் சிரிப்புத்தான்.

அவளுக்குப் புதுப் பெயர் வைத்ததும் அந்த டிரைவர்தான். மாடியில் அந்த மெஷின் வந்து உட்கார்ந்த நாளில்.

ஒரு பல்கலைக்கழகத்து ஆட்கள் அதைக் கொண்டுவந்தார்கள். மூக்கு நுனி வெயிலில் வெந்து தோல் உரிந்துபோன ஒல்லியான மனிதர் ஒருவர் முன்னால் நின்று எல்லாவற்றையும் மாட்டினார். அவர் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சூரியக்காரர் என்றே ஆகிவிட்டது. மல்லாத்தி வைத்த பெரிய குடை மாதிரி ஒரு கண்ணாடி, அதன் நடுவில் வெயில் எல்லாம் வந்து குவிகிற இடத்தில் விரல் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் சிவப்பாக ஏதோ தண்ணீர். அங்கிருந்து ஆவி ஒரு இரும்புப் பெட்டிக்குள் போகும். பெட்டிக்குள் மூட்டைகளை வைக்க வேண்டும்.

“அம்மா, இந்தத் தண்ணியில இருக்கிறது தங்கம்” என்றார் சூரியக்காரர்.

அவள் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். “தங்கம்னா மஞ்சளா இருக்கும். இது மாதுளம்பழச் சாறு மாதிரி இருக்கே?”

“தங்கத்தைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி, கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் போயிட்டா அதோட நிறமும் மாறிடும். குணமும் மாறிடும். ஒரு தலைமுடி அகலத்துக்குள்ள ஆயிரம் துகளை வரிசையா நிக்க வைக்கலாம். வெயில் பட்டா ஒவ்வொரு துகளும் அதை அப்படியே குடிச்சிடும். குடிச்ச சூட்டைத் தன்னைச் சுத்தி இருக்கிற தண்ணிக்குக் கொடுக்கும். அங்கயே ஆவி கட்டி மேல வந்துடும். உங்க அடுப்புல பானை சுட்டு, தண்ணி மொத்தமும் சுட்டு, அப்புறம்தானே ஆவி? இதுல மொத்தத் தண்ணியும் கொதிக்கட்டும்னு காத்திருக்க வேண்டாம்.”

அவள் குழாயை உற்றுப் பார்த்தாள். “அப்படின்னா ஒவ்வொரு பொடியும் ஒரு குட்டி அடுப்பு.”

“அதேதான்.”

“யாராவது தூக்கிட்டுப் போயிட மாட்டாங்களா?”

“இதுல இருக்கிற தங்கத்தை எல்லாம் திரட்டினா ஒரு கம்மல் திருகாணிக்குக் கூட வராதும்மா.”

அன்று ஏணி பிடிக்க வந்திருந்த டிரைவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். “அக்கா, இனிமே நீங்க அடுப்பம்மா இல்ல, ஆவியம்மா! தெருவுல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஊரே கதவைச் சாத்திக்கும்” என்றான். சூரியக்காரர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. திருகாணிப் பேச்சை மட்டும் ஊர் நம்பவில்லை. மாடியில் ஒரு பானைத் தங்கம் உருகிக் கிடப்பதாகவே டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

சூரியக்காரர் போகும்முன் அவளுக்கு ஒரு மணல் கடிகாரம் கொடுத்தார். பெட்டியின் மேல் ஒரு முள் இருந்தது. ஆவியின் அழுத்தம் ஏற ஏற முள் ஏறும். பச்சைக் கோட்டைத் தொட்டதும் மணல் கடிகாரத்தைக் கவிழ்க்க வேண்டும். மணல் முழுக்க இறங்கும்வரை முள் பச்சையிலேயே நிற்க வேண்டும். “நடுவுல மேகம் வந்து முள் ஒரு தடவை கீழ இறங்கிட்டாலும், முதல்ல இருந்துதான். பாதி மணல் இறங்கிடுச்சேன்னு பாவம் பார்க்கக் கூடாது” என்றார். அவள் தலையாட்டினாள். சொன்னபடியே செய்தாள். முள் இறங்கிய நாட்களில் வானத்தைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, கடிகாரத்தைத் திரும்பக் கவிழ்த்துவிட்டுக் காத்திருப்பாள்.

அவளுக்கு அது நல்ல காலம். புகை போயிற்று. இருமல் குறைந்தது. மாடியில் துணி உலர்த்துகிற கொடிக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இத்தனை வருஷம் குகைக்குள் இருந்துவிட்டோமே என்று தெருவை வேடிக்கை பார்ப்பாள். பழைய டிரம்மின் ரப்பர் வளையம் வெடித்துப்போனதை அவள்தான் கவனித்தாள். வளையம் இல்லாவிட்டால் டிரம்மில் ஆவி நிற்காது. டாக்டரம்மாவிடம் சொன்னாள். “எழுதியிருக்கேன், வரும்” என்றார் டாக்டரம்மா. வரவில்லை. மாடியில் மெஷின் ஜோராக ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைக் கேட்டு நச்சரிக்கவும் இல்லை, அவளும்தான். மேகம் போட்ட நாட்களை, முன்கூட்டியே தயார் செய்து அலமாரியில் வைத்த மூட்டைகளை வைத்துச் சமாளித்தார்கள்.

தங்கைக்கு இரண்டு முறை கரு கலைந்து, மூன்றாவதுதான் தங்கிற்று. மாசமாக இருந்தபோது மத்தியான வேளைகளில் மாடி ஏறி வந்து, துணி நிழலில் அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். “உன் தங்கத் தண்ணியில ஒரு சொட்டு குடு, பிள்ளை தங்கமாப் பொறக்கட்டும்” என்பாள். “போடி, உனக்குப் பொறக்கிறது கழுதைக்குட்டி மாதிரி உதைக்குது” என்பாள் அக்கா.

வலி எடுத்தது ஒரு காலையில். அன்றைக்கென்று ஆஸ்பத்திரியில் வேறு இரண்டு பிரசவம். வானம் ஒன்றும் மோசமாக இல்லை. வெயிலும் மேகமும் மாறி மாறி இருந்தது. முந்தைய நாட்களும் அப்படியே இருந்ததால் அலமாரி காலியாகிக்கொண்டே வந்திருந்தது. சின்ன மூட்டைகள் எல்லாம் காலையிலேயே தீர்ந்துபோயின. வயிற்றைத் திறக்கிற அறுவைக்கு வேண்டிய பெரிய மூட்டை மட்டும் பெட்டிக்குள் இருந்தது.

மத்தியானத்துக்குள் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாடிப்படியின் கீழே நின்று நர்ஸ் கத்திச் சொன்னாள். ஆவியம்மா மேலிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். முள் பச்சையில் நின்றது, மணல் இறங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் மறுபடி வந்தாள். இந்தத் தடவை படியேறி வந்தாள். அவள் முன்கை முழுக்க ரத்தம்.

“அக்கா, ரத்தம் நிக்கலை. கர்ப்பப்பை கிழிஞ்சிருக்குன்னு டாக்டரம்மா சொல்றாங்க. தொறக்கணும். பெரிய செட்டு ஆயிடுச்சா?”

அப்போதுதான் மேகம் வந்து மூடியிருந்தது. முள் பச்சையிலிருந்து வழுக்கி, கீழே, மஞ்சளில் நின்றது. மணல் பாதிக்குக் கீழே இருந்தது. ஆவியம்மா வானத்தைப் பார்த்தாள். மேகத்தின் ஓரம் வெள்ளையாகக் கிழிந்து, திரும்ப வெயில் வந்தது. முள் மெள்ள ஏறிப் பச்சையைத் தொட்டது. முதலிலிருந்து கவிழ்க்க வேண்டும். அவளுக்கு அது தெரியும். கீழே டிரைவர் யாரையோ பார்த்து, “என் ரத்தத்தை எடுங்க, எவ்வளவு வேணும்னாலும் எடுங்க” என்று கத்துவது கேட்டது.

“அக்கா! ஆயிடுச்சா?”

மணல் கடிகாரத்தில் மேலே மிச்சமிருந்தது இறங்கி முடிந்தது. அவள் அதைத் திரும்பக் கவிழ்க்கவில்லை.

“ஆயிடுச்சு” என்றாள்.

மூட்டையின் மேல் ஒட்டியிருந்த நாடா, கொஞ்சம் சூடு பட்டாலே கறுப்பாகிற நாடா, கறுத்துத்தான் இருந்தது. நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு மூட்டையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

டாக்டரம்மா தங்கையைக் காப்பாற்றினார். அதில் பொய் இல்லை. டிரைவரின் ரத்தம் ஏறியது, கிழிசல் தைக்கப்பட்டது, மாலைக்குள் தங்கை கண் திறந்து தண்ணீர் கேட்டாள். மறுநாள் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “மூக்கைப் பாரு, அப்படியே உன்னோடது. பாவம், வளர்ந்து என்ன பாடு படப்போறாளோ” என்று அக்காவைக் கிண்டல் செய்தாள். ஆவியம்மா சிரித்தாள். சிரித்துக்கொண்டே புறங்கையால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. அவளுக்கு உயிர் வந்தது.

சூடு அதற்கு அடுத்த நாள் வந்தது. முதலில் லேசாக. அப்புறம் தொட்டால் கை பொறுக்காத அளவுக்கு. வயிறு கல் மாதிரி இறுகியது. தையலில் சீழ் வைத்தது. டாக்டரம்மா மருந்தை மாற்றினார், திரும்பவும் மாற்றினார். கடைசியில் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். டிரைவர் தன் லாரியிலேயே மெத்தை விரித்துக் கொண்டுபோனான். வழியெல்லாம் அக்கா மடியில்தான் தங்கையின் தலை. சுயநினைவு இல்லாமல் அவள் சின்ன வயதுக்குப் போய்விட்டாள். “புகையா இருக்குக்கா, கதவைத் தொற” என்று முனகிக்கொண்டே வந்தாள். அங்கே புகை எதுவும் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் முழுக்க விஷம் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு போய்விட்டாள்.

அங்கிருந்த டாக்டரிடம் ஆவியம்மா நேராகவே கேட்டாள். “ஆயுதம் சரியா வேகலைன்னா இப்படி ஆகுமா?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஆகலாம். ஆனா கர்ப்பப்பை கிழிஞ்ச கேஸ்ல வேற எதனாலயும் ஆகலாம். அதனாலதான்னும் சொல்ல முடியாது, அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது.”

அவள் வாழ்நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்க வேண்டியதை அந்த மனிதர் இரண்டு வரியில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்ததும் அவள் டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள். முள் இறங்கியது, திரும்பக் கவிழ்க்காதது, ஆயிடுச்சு என்று சொன்னது, எல்லாம். டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“நீ ஆகலைன்னு சொல்லியிருந்தா மட்டும் நான் என்ன பண்ணியிருப்பேன்? அவ மேசையிலயே போயிருப்பா. இல்லைன்னா வேகாத கத்தியை எடுத்துத்தான் தொறந்திருப்பேன்.”

“அதை நீங்க தெரிஞ்சு பண்ணியிருப்பீங்க டாக்டரம்மா. தெரிஞ்சிருந்தா கூடுதலா மருந்து குடுத்திருப்பீங்க இல்ல? முதல் நாளே?”

டாக்டரம்மா மேசை மேலிருந்த பேனாவை மூடித் திறந்து மூடினார். “ரப்பர் வளையம் வாங்காதது நான். அதையும் கணக்குல வச்சுக்கோ. இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய போனா மெஷினை எடுத்துட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு வர்றவளுக்கு என்ன பண்ணுவேன்?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் டிரைவர் வந்தாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதாவது வேலையில் இறங்கினாள். அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “நீங்க இல்லைன்னா அன்னிக்கே அவளைப் பறிகொடுத்திருப்பேன்க்கா. ரெண்டு நாளாவது பிள்ளை முகத்தைப் பாத்தாளே” என்றபோது அவளால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டாள்.

அவன் குழந்தையைத் தன் கூடப்பிறந்த அக்காவின் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அப்புறம் அவன் வந்தது நல்ல வெயில் காயும் ஒரு முற்பகலில். லாரியை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டு, சக்கரம் கழற்றுகிற பெரிய ஸ்பானரோடு மாடி ஏறினான். அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“தள்ளுங்க.”

“மாப்ள, உள்ள செட்டு இருக்கு. கீழ ஒருத்தி வலியில கெடக்கிறா. அது ஆகட்டும், அப்புறம் என்னை அடிச்சே கொல்லுங்க.”

“தள்ளுங்கன்னு சொன்னேன்.”

அவள் தள்ளி நின்றாள். அவன் முதல் அடியைக் கண்ணாடிக் குடையில் போட்டான். இரண்டாவது அடி குழாயில் விழுந்தது. ஆவி சீறிக்கொண்டு வந்து அவன் வலது கையை முழங்கை வரைக்கும் பொசுக்கியது. அவன் அதோடும் விடவில்லை. சிவப்புத் தண்ணீர் மாடித் தரையில் ஓடி, மழைத்தண்ணீர்க் குழாய் வழியாகத் தெருவில் போய் விழுந்தது.

கீழே யாரோ கத்தினார்கள். “தங்கத் தண்ணிடா! தங்கம் கொட்டுது!”

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்தார்களோ! டப்பா, தட்டு, பிளாஸ்டிக் பை, சோற்றுக்கரண்டி. குழாயின் அடியில் ஈரமாக இருந்த மண்ணை அள்ளினார்கள், சுரண்டினார்கள், ஒருவர் டப்பாவை இன்னொருவர் பிடுங்கினார்கள். தங்கையின் சாவுக்கு வந்து தோள் கொடுத்த டீக்கடைக்காரர் முட்டி போட்டு மண்ணை வழித்துக்கொண்டிருந்தார். ஒருத்தி குழந்தைத் துணியில் சேற்றை வடிகட்டினாள். டிரைவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குனிந்து பார்த்தான். “டேய், அது தங்கம் இல்லடா” என்று ஒரு தடவை கத்தினான். யாரும் தலை நிமிரவில்லை. அவன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு உடைந்த கண்ணாடிக்கு நடுவில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி சத்தமே வராமல் அழுதான்.

அவள் கீழே போய் மருந்தும் துணியும் எடுத்துவந்தாள்.

“கையைக் காட்டுங்க மாப்ள.”

அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கையை நீட்டினான். அவள் கட்டி முடிக்கும்வரை அசையவில்லை. முடிந்ததும் எழுந்தான்.

“இனிமே என் கண்ணுல படாதீங்க. பிள்ளையப் பாக்க வராதீங்க” என்றான். இறங்கிப் போய்விட்டான்.

சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிச் சுவர் ஓரம் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகிவிட்டது. யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தவன் சொல்லாமல் மறைக்கிறான் என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

மெஷின் காற்றில் விழுந்து உடைந்ததாக டாக்டரம்மா பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுப்பினார். சூரியக்காரர் வந்து உடைசலை மூட்டை கட்டியபோது, ஆவியம்மா அவரிடமும் உண்மையைச் சொன்னாள். அவர் மாடித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். உரிந்த மூக்கைத் தேய்த்துக்கொண்டே, “முள் இறங்கினா பெட்டியே தொறக்காத மாதிரி ஒரு பூட்டு வைக்கணும்னு எங்களுக்குள்ள பேச்சு இருந்துச்சு. அடுத்ததுல வைக்கலாம்னு விட்டுட்டோம்” என்றார். அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அடுத்தது என்று எதுவும் அந்த ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

ரப்பர் வளையம் வந்தது. அவள் திரும்பவும் ஜன்னல் இல்லாத அறைக்குப் போனாள். அடுப்பு, புகை, இருமல். அடுப்புக்குத் திரும்பினாலும் பழைய பெயர் திரும்பவில்லை, ஆவியம்மாவாகவே இருந்தாள். இப்போது அதைச் சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை. தெருப் பிள்ளைகள் அவளைக் கண்டால் நிஜமாகவே ஒதுங்கிப் போனார்கள். வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்த நாட்கள் உண்டு. ஆனால் விட்டால் அந்த இடத்தில் வேறு யாராவது உட்காருவார்கள், அவர்களுக்கும் ஒரு தங்கை இருப்பாள் என்று தோன்றும். உட்கார்ந்துவிடுவாள். இப்போதெல்லாம் யார் கேட்டாலும் அவளிடமிருந்து சீக்கிரம் பதில் வராது. நர்ஸ் கதவில் நின்று கத்தினாலும், டாக்டரம்மாவே வந்து நின்றாலும், ஆகும்வரை மூட்டையைத் தர மாட்டாள். இரண்டு முறை அதனால் தாமதமானது. ஒரு முறை குழந்தை பிழைக்கவில்லை. அதற்கும் அவள்தான் காரணமா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. அவள் யாரையும் கேட்கவும் இல்லை.

தங்கை மகளைத் தூரத்திலிருந்து பார்ப்பாள். டிரைவரின் அக்கா வீட்டு வாசலில் தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு போனது. மூக்கு நிஜமாகவே இவள் மூக்குத்தான். டிரைவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டதைக் காய்கறிக்காரி சொல்லித் தெரிந்துகொண்டாள்.

அந்த இரண்டாவது மனைவிக்கு வலி எடுத்தபோது, போக வேறு ஆஸ்பத்திரி இல்லை. டிரைவர் கொண்டுவந்து சேர்த்தான். சேர்த்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்காரவில்லை. பின்பக்கம் வந்து, அவள் அறை வாசலில் நின்றான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவ்வளவு பக்கத்தில். தலை நரைத்திருந்தது. வலது கையில் தோல் சுருங்கி மினுங்கியது.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, டிரம்மைப் பார்த்தான். அவள் மூட்டையை வைத்து, மூடியைத் திருகி, அடுப்பைப் பற்றவைத்தாள். புகை எழுந்து அவன் முகத்தில் அடித்தது, இருமினான், நகரவில்லை. டிரம் மூடியிலிருந்த முள் ஏறியது. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். உள்ளே அந்தப் பெண் அலறுவது கேட்டது. இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆயிடுச்சா?” என்றான் கடைசியில்.

“இன்னும் இல்ல.”

நேரம் முழுக்க ஆன பிறகு அவள் அடுப்பை அணைத்தாள். “இப்ப ஆயிடுச்சு. நீங்களே பாத்தீங்க.”

“பாத்தேன்” என்றான்.

அதற்குள் உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சுகப்பிரசவம், கத்தி எதுவும் தேவைப்படவில்லை. டிரைவர் திரும்பி நடந்தான். ஆவியம்மா டிரம் ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம் பிரிக்காத மூட்டையை எடுத்துக்கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் ரத்தத் துணிகளைத் துவைக்கப் போனாள்.